தூக்கமா, இடமா: பயணப் பைக்குள் எதற்கு இடம் கொடுப்பது?

முதுகில் பை, பையின் பக்கவாட்டில் ஊசலாடும் கழுத்துத் தலையணை. இப்படி நடப்பவர்களை எந்த ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் பார்க்கலாம், சில வருடங்களுக்கு முன்பு வரை நானும் அந்தக் கட்சிதான். உள்ளே நுழையாது என்பதால் அது வெளியே தொங்கும், கழிப்பறைக் கதவில் உரசும், மழையில் நனையும், ராத்திரி அதன் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்குவதும் நான்தான். அப்போதுதான் ஒரு கணக்கு பிடிபட்டது. பயணச் சாமான் எதுவானாலும் அது வேலை செய்யும் ஐந்தாறு மணி நேரத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, மீதி நாளெல்லாம் அது பையில் எங்கே கிடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். நன்றாகத் தூங்க ஒரு சாமான், இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு சாமான் என்று இரண்டையும் சேர்த்தே விற்கிறார்கள், ஆனால் பைக்குள் போனதும் அவை இரண்டும் ஒன்றோடொன்று சண்டைக்கு நிற்கும்.

தலையணையில் இருந்து ஆரம்பிக்கலாம், அதில்தான் ஆளாளுக்கு ஏமாறுகிறோம்.

காற்றடைக்கிற வகை மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும், எடையும் இருக்காது. ஆனால் கன்னத்தில் ஒட்டும், வியர்க்கும், தலையைத் திருப்பினால் பலூனைத் தேய்த்தது போலக் கீச்சிடும். விமானத்தில் இதோடு ஒரு வேடிக்கையும் உண்டு. பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறைந்துவிடும். தரையில் 1 லிட்டராக இருந்த காற்று அங்கே கிட்டத்தட்ட 1.3 லிட்டராக விரியப் பார்க்கும். அதனால் உட்கார்ந்த உடனே முழுக்க ஊதிப் போட்டுக்கொண்டால், அரை மணி நேரத்தில் அது தானாகவே விறைத்துக் கழுத்தைப் பிடிக்கும். முக்கால்வாசி ஊதினால் போதும், மீதியை உயரம் பார்த்துக்கொள்ளும். (ஷாம்பு பாட்டில் பைக்குள் கசிந்து துணியை நாசம் செய்வதற்கும் இதே காற்றுதான் காரணம். மூடும் முன் பாட்டிலை அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள், பெரும்பாலும் பிரச்சினை வராது.)

மெமரி ஃபோம் இதற்கு நேர் எதிர். 1966-ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்ல்ஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கிய சமாச்சாரம் அது, அதனால் சுகத்தில் குறை சொல்ல முடியாது. உடல் சூட்டில் இளகிக் கழுத்தின் வளைவுக்கு ஏற்ப உட்காரும். அதே குணம்தான் அதன் குறையும்: குளிர்ந்தால் விறைத்துப்போகும், கடும் ஏசி போட்ட பேருந்தில் முதல் பத்து நிமிடம் கட்டையைக் கட்டிக்கொண்டது போல இருக்கும். சுருட்டிச் சின்னப் பைக்குள் திணிக்கலாம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள், திணிக்கவும் முடியும்தான், ஆனால் அப்படிச் சுருட்டினாலும் ஒரு ஜோடி காலணிக்கான இடத்தை எடுத்துக்கொள்ளும். தெர்மோகோல் மணி நிரப்பிய வகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அமுங்கவும் அமுங்காது, தாங்கவும் தாங்காது, தையல் விட்டால் இருக்கை முழுக்க மணி.

உண்மையில் இந்த மூன்றுக்கும் சிக்கல் உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது என்பதில் இல்லை, அந்த 'யு' வடிவத்தில்தான் இருக்கிறது. பிடரிப் பக்கம் தடிமனாக இருப்பதால் தலையை அதுவே முன்னால் தள்ளும், தூக்கம் வந்து கழுத்துத் தளர்ந்ததும் முகவாய் நெஞ்சில் இடிக்கும், அந்த அதிர்ச்சியில் விழிப்பு வரும். தலை முன்னால் விழாமல் இருக்க வேண்டுமென்றால் தடிமன் முன்னால் இருக்க வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே 'யு' தலையணை இருந்தால் திறப்பு பிடரிக்கு வருகிற மாதிரி திருப்பிப் போட்டுப் பாருங்கள், முகவாய்க்குக் கீழே முட்டுக் கொடுத்தது போல நிற்கும். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், தூங்குகிறவருக்கு அது தெரியவா போகிறது?

நான்காவது வகை கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற மப்ளர் மாதிரியானது, உள்ளே வளைந்த பிளாஸ்டிக் சட்டம் ஒன்று இருக்கும். அது ஒரு பக்கத் தாடையைத் தாங்கிப் பிடிக்கிறது, பிடரியில் எதுவும் இல்லை. இருப்பவற்றில் கழுத்தின் பிரச்சினையைப் புரிந்துகொண்டு செய்தது இதுதான் என்பேன். ஆனால் பக்கம் மாற வேண்டுமென்றால் எழுந்து திருப்பிக் கட்ட வேண்டும், அந்தச் சட்டம் மடங்கவும் மடங்காது.

நடைபாதை ஓர இருக்கையில், சாய ஒன்றுமில்லாமல் இரவைக் கழிக்க வேண்டியவருக்கு இந்த மப்ளர் வகை. ஜன்னலோரக்காரருக்கு இதில் எதுவுமே வேண்டாம், ஒரு வெற்றுத் தலையணை உறை போதும். சிரிக்காதீர்கள். வீட்டில் தினமும் தலை வைக்கிற அதே உறையை மடித்துப் பையின் ஓரத்தில் செருகுங்கள், ஒரு டிஷர்ட்டுக்கான இடம்கூட ஆகாது. ஏறியதும் ஸ்வெட்டரையோ சால்வையையோ சுருட்டி அதற்குள் திணித்து ஜன்னலுக்கும் தோளுக்கும் நடுவே வையுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு அறையில் கிடக்கும் தலையணைக்கும் அதையே மாட்டலாம். புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் சரியாக வராது என்று நாம் சொல்வது வெறும் மனப்பிரமை அல்ல. 2016-ல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதியைவிட லேசாகவே தூங்கியது, காவலுக்கு ஆள் நிறுத்தியது போல. பழகிய துணியின் வாசனை அந்தக் காவலாளியைச் சமாதானப்படுத்துமா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, என் அனுபவத்தில் கொஞ்சம் சமாதானமாகிறான்.

சரி, காதுக்கு வருவோம். ஒரு பக்கம் விரல் நுனி அளவு ஃபோம் இயர் பிளக், இன்னொரு பக்கம் இரைச்சலை ரத்து செய்யும் ஹெட்போன். இரண்டாவதன் பூர்வீகம் சுவாரசியமானது. 1978-ல் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா திரும்பிய விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இயந்திர இரைச்சலைத் தாண்டி எதுவும் கேட்கவில்லை என்று கடுப்பான அமர் போஸ் (போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர்), அந்தப் பயணத்திலேயே காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டும் 2000-ல் பயணிகளுக்கான ஹெட்போனும் அவருடைய நிறுவனத்திலிருந்து வந்தன. வெளியே இருந்து வரும் ஒலி அலையை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு இரண்டையும் மோதவிடுவதுதான் உத்தி. 'ம்ம்ம்' என்று ஒரே சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலில் இது பிரமாதமாக எடுபடும். பக்கத்து இருக்கையின் அரட்டை, குழந்தையின் வீறிடல், தட்டு விழும் சத்தம் போன்ற கூர்மையான, திடீர் ஒலிகளில் அவ்வளவாக எடுபடாது.

ஃபோம் பிளக் அந்தக் கூர்மையான ஒலிகளைத்தான் நன்றாக அடைக்கும். பாக்கெட்டில் 33 டெசிபல் வரை குறைக்கும் என்று போட்டிருப்பார்கள், ஆனால் பெரும்பாலானோர் அதைக் காதின் வாசலில் ஒட்டிவைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். விரல்களுக்கு நடுவே உருட்டி உருட்டி மெல்லிய திரி போல ஆக்க வேண்டும், இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும், அப்போது துவாரம் நேராகும், அதில் திரியை உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். உள்ளே அது மெல்ல உப்புவதையும், சுற்றியிருக்கும் உலகம் ஒரு கதவுக்குப் பின்னால் நகர்வதையும் உணரலாம். அப்படி உணரவில்லை என்றால் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம்.

தூங்குவதற்கு மட்டும் என்றால் என் ஓட்டு ஃபோமுக்குத்தான். சார்ஜ் வேண்டாம், பக்கவாட்டில் படுத்தால் காதைக் குத்தாது, தொலைந்தால் அழ வேண்டியதில்லை. பெரிய ஹெட்போன் ஒன்றை அதன் பெட்டியோடு வைத்தால் பையில் கால்வாசி காலி. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பிளக்கைப் போட்டு அதன் மேல் ஹெட்போனையும் மாட்டிப் பாருங்கள், ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். ஆனால் ஃபோம் நன்றாக வேலை செய்தால் வேறு ஆபத்து. ஒரு ரயிலில் அலாரம் வைத்துவிட்டுக் காதை அடைத்துத் தூங்கிய நான், இறங்க வேண்டிய நிலையம் போய் இரண்டு நிலையம் கழித்து எழுந்தேன். போன் தன் கடமையைச் செய்திருக்கிறது, எதிர் இருக்கைக்காரர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதிலிருந்து கையில் கட்டுகிற அதிரும் பட்டையில்தான் அலாரம்.

கண் மாஸ்க்கில் பெரிய விவாதம் இல்லை. கிண்ணம் போலக் குழிந்த வகை இமையை அழுத்தாது, ஆனால் மடங்காது, பக்கவாட்டில் படுத்தால் நகர்ந்துவிடும். தட்டையான துணி மாஸ்க் சட்டைப் பைக்குள் போகும். மூக்குப் பக்கம் வெளிச்சம் கசியாமல் ஒரு மடிப்புத் துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதும்.

காலுக்கு? காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் சாக்ஸா, சாதாரண கம்பளி சாக்ஸா என்று கேட்டால் இரண்டும் வேறு வேலை செய்கின்றன. 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்தில் கம்ப்ரஷன் சாக்ஸ், கால் ரத்தக் குழாயில் வெளியே தெரியாமல் உருவாகும் ரத்தக் கட்டியைக் குறைக்கிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை சொல்கிறது, கால் வீக்கமும் குறையும். அளவு சரியாக இருக்க வேண்டும் என்பது முக்கியம், முழங்காலுக்குக் கீழே சுருண்டு இறுக்கினால் பலன் தலைகீழ். ரத்த ஓட்டப் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது. இரவுப் பேருந்தில் பாதம் சில்லிட்டுத் தூக்கம் கெடுகிறவருக்குக் கம்பளி போதும்.

இனி அந்தப் பக்கம், அதாவது இடம் பிடிக்கும் வித்தைகள். துணிகளை அடுக்கி ஜிப் போட்டு மூடி பைக்குள் வைக்கிற சாதாரண பேக்கிங் கியூப் இடத்தை மிச்சப்படுத்தாது, பலரும் வாங்கிய பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். அது ஓர் இழுப்பறை, அவ்வளவுதான். நடு ராத்திரி அறைக்கு வந்து விளக்கைப் போடாமலேயே இரவு உடையை எடுக்க முடிகிறதே, அதற்காகவே நான் விடாமல் வைத்திருக்கிறேன். கம்ப்ரஷன் கியூப் அதோடு இன்னொரு சுற்று ஜிப் சேர்த்தது, இழுத்து மூடினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறித் தட்டையாகும். ஸ்வெட்டர், ஜாக்கெட், உள்ளாடை எல்லாம் நன்றாகச் சுருங்கும். ஜீன்ஸ் சுருங்காது, அதில் வெளியேற்றக் காற்றே இல்லை. இழுக்கும்போது துணி ஜிப்பில் சிக்காமல் ஒரு விரலை உள்ளே விட்டுத் துணியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டால் சட்டையில் ஓட்டை, இல்லையென்றால் ஜிப் கையோடு வரும்.

உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து மூடுகிற வேக்கம் பை வித்தை காட்டுவது போல இருக்கும். தடித்த குளிர் ஜாக்கெட் இரண்டு, நாலு விரல் தடிமனுக்கு ஒடுங்குவதைப் பார்த்து நான் மயங்கித்தான் போனேன். போகும்போது வீட்டில் வேக்கம் கிளீனர் இருந்தது. திரும்பும்போது? அறைத் தரையில் பையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, பிறகு மண்டியிட்டு, பிறகு படுத்து உருண்டு ஒருவழியாகக் காற்றை எடுத்து மூடி வைத்தேன். விடியற்காலை எழுந்து பார்த்தால் எங்கோ ஓர் ஊசித் துளை, பை பழையபடி தலையணை மாதிரி உப்பி உட்கார்ந்திருக்கிறது. கையால் சுருட்டிக் காற்றை எடுக்கும் வகை இந்த விஷயத்தில் பரவாயில்லை. ஆனாலும் வீடு மாறுவதற்கும் போர்வை அடுக்குவதற்கும்தான் வேக்கம் பை பொருத்தம், தினமும் திறந்து மூடும் பயணப் பைக்குக் கம்ப்ரஷன் கியூப்தான்.

இரண்டிலுமே ஒரே பொறி இருக்கிறது: இடம் சுருங்கும், எடை சுருங்காது. கிடைத்த இடத்தைக் காலியாக விட யாருக்கு மனம் வரும்? இன்னும் இரண்டு சட்டை ஏறும். கைப்பைக்கு 7 கிலோதான் என்று சொல்லும் விமான நிறுவனங்கள் பல, அதில் கெட்டி ஓடு போட்ட டிராலி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ தின்றுவிடும். அதே கொள்ளளவுள்ள முதுகுப் பை 1 கிலோவை ஒட்டி வரும். ஆகவே முதுகு ஒத்துழைக்கிறவரைக்கும் முதுகுப் பைதான். சக்கரம் கட்டாயம் என்றால் நாலு சக்கரத்தைவிட இரண்டு சக்கரத்தைப் பார்ப்பேன். நாலு சக்கரம் பளபளத் தரையில் வழுக்கிக்கொண்டு போகும், சரிவில் நம்மை விட்டுவிட்டும் போகும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரமும் பெட்டியின் அளவில்தான் சேர்த்தி. இரண்டு சக்கரம் பெட்டிக்குள் பதிந்திருக்கும், கரடுமுரடான தரையையும் தாங்கும்.

பவர் பேங்க்கில் 10,000 எம்ஏஎச்சா 20,000மா என்பதற்கும் எடைதான் விடை. எம்ஏஎச்சை 3.7 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் வாட்-அவர் வரும். 20,000 என்றால் 74. விமானத்தில் 100 வரை பொதுவாக அனுமதி, அதுவும் கைப்பையில் மட்டும், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. போன் ஒன்றுதான் என்றால் 10,000 போதும்.

இவ்வளவு அலசி வாங்கிய பிறகும் ஒரு ராத்திரி தூங்காமல் வந்தேன். மாஸ்க், பிளக், தலையணை உறை, சாக்ஸ் எல்லாவற்றையும் ஒழுங்காகத் தனி கியூப்பில் போட்டு, அந்தக் கியூப்பைப் பையின் அடியில் வைத்து, பையைத் தலைக்கு மேலே தட்டில் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். விளக்கை அணைத்தார்கள். எழுந்து எடுக்கலாம் என்று திரும்பினால் நடு இருக்கைக்காரரும் ஓர இருக்கைக்காரரும் ஏற்கெனவே தூங்கிவிட்டார்கள், கழுத்தில் ஆளுக்கொரு 'யு' தலையணையோடு.