பெல்ட் மாற்றிய டூ-இன்-ஒன்: பாட்டு ஓடுகிறது, சுருதிதான் நிற்கவில்லை

பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் டபுள் கேசட் டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி) விலை இறங்கியிருக்கிறது என்று கூட வேலை பார்க்கும் நண்பர் படம் அனுப்பி, "வாங்கலாமா? நீங்கதான் ரொம்ப வருஷமா வச்சிருக்கீங்களே" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. என்னுடையது அப்போதுதான் ரிப்பேர் கடையிலிருந்து திரும்பியிருந்தது, நான் கடுப்பில் இருந்தேன். "வேண்டாம்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டுவிட்டேன். ஒற்றை வார்த்தைக்குள் அடங்குகிற விஷயமில்லை என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பெட்டி எண்பதுகளின் கடைசியில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. என்ன கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, சொல்லவும் தேவையில்லை. அந்தக் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வியாதி ஒன்றுதான்: உள்ளே மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கிற ரப்பர் பெல்ட். சில பெல்ட் தொளதொளத்துப்போகும், சில விறைத்து வெடிக்கும். என்னுடையது மூன்றாவது ரகம். உருகித் தார் மாதிரி ஆகிவிட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது பெல்ட் என்று ஒன்றுமே இல்லை. சக்கரத்தின் விளிம்பில் கறுப்பாக ஒரு பிசின், அதிலிருந்து நூலிழை போல மோட்டார் வரைக்கும் ஒரு கோடு. தொட்டால் விரலில் ஏறும், விரலிலிருந்து சட்டைக்கு ஏறும். சோப்புக்கு அசையாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் தேய்த்தால்தான் வரும்.

சுத்தம் செய்வதோடு நான் நிறுத்திக்கொண்டு பெல்ட் மாற்றுவதைக் கடையில் விட்டேன். பெட்டி பளிச்சென்று திரும்பி வந்தது. ரிவைண்ட் வேகமாக ஓடியது, ரேடியோவின் கரகரப்புகூடப் போயிருந்தது. பாட்டைப் போட்டேன். பெல்ட் போவதற்கு முன் ஜலதோஷம் பிடித்தவர்போல ஒலித்த பாடகர் இப்போது குணமாகி, கூடவே கொஞ்சம் அவசரத்திலும் இருந்தார்.

போனில் அதே பாட்டை ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். நாலரை நிமிடப் பாட்டு முடிவதற்குள் கேசட் பத்து வினாடி முந்திக்கொண்டது. ஏறக்குறைய 4 சதவீதம். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 6 சதவீதம் வேகம் கூடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். 4 சதவீதம் என்பது அதைவிட மோசம், எந்தக் கட்டையிலும் உட்காராது. ஆர்மோனியத்தை எடுத்துக் கூட வாசிக்கலாம் என்றால் இந்தக் கட்டையில் வைத்தால் கீழே, அடுத்ததில் வைத்தால் மேலே. கடைக்காரரிடம் சொன்னேன். "பாட்டு ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இந்த வேலையை எடுத்துக்கொள்ள ஊரில் வேறு ஆள் கிடையாது. அதற்காகக் கோபமும் போய்விடவில்லை.

காரணத்தைத் தேடிப் பிடித்தேன். பழைய பெல்ட்டைவிடப் புதியது தடிமன் அதிகம். மோட்டார் முனையில் இருக்கிற கப்பி மிகச் சிறியது, அதன் மேல் தடித்த பெல்ட் ஏறினால் கப்பியே பெரிதானதற்குச் சமம். எதிர்ப்பக்கத்துச் சக்கரம் பெரியது, அதற்கு இந்த வித்தியாசம் உறைக்காது. ஆகவே சுற்று வேகம் கூடுகிறது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் கேசட்டை அறிமுகப்படுத்தியதிலிருந்து இன்றுவரை நாடா ஓட வேண்டிய வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். உலகம் பூராவும் ஒத்துக்கொண்ட இந்த எண்ணை அரை மில்லிமீட்டர்கூட வராத ரப்பர் கெடுத்துவிடுகிறது.

மோட்டாரின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே ஒரு ப்ரீசெட். மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டு மயிரிழை அளவு திருப்பினால் வேகம் மாறும். கம்பெனி கேசட் (இசைக் கம்பெனியே பதிந்து விற்றது) ஒன்றைப் போட்டு, போனோடு ஒத்துப்பார்த்து, திருப்பி, மறுபடி ஒத்துப்பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. கடைசியில் இரண்டும் ஒன்றாக முடிந்தன. சரி, வேலை முடிந்தது என்று நினைத்து அடுத்த கேசட்டைப் போட்டேன். அது அப்பா ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியது. சுருதி மறுபடியும் மேலே!

பெட்டியில் கோளாறில்லை. பதிந்த கடையின் டெக், அதாவது கேசட்டை ஓட்டும் இயந்திரம், மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் டெக்கில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு மேலேதான் நிற்கும். அப்பா இரண்டு மூன்று கடைகளில் பதிவு செய்வார். மற்றக் கேசட்டுகளையும் போட்டுப் பார்த்ததில் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு சுருதி. பெட்டியில் இரண்டு டெக் இருந்தாலும் மோட்டார் ஒன்றுதான், இடப்பக்கத்துக்கு ஒரு வேகம், வலப்பக்கத்துக்கு ஒரு வேகம் என்று வைத்துக்கொள்ள வழியில்லை. எதற்குச் சரிசெய்தாலும் மற்றது கெடும்.

இதை அக்காவிடம் புலம்பினேன். அவள் அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டு, "இதுதானே பாட்டு? போன்ல வர்றதுதான் இழுக்குது" என்றாள். சின்ன வயதிலிருந்து அவள் கேட்டது இதைத்தான். இசையமைப்பாளர் ஸ்டுடியோவில் பதிந்த வேகம் அவள் காதுக்குத் தப்பான வேகம். இரண்டாவது சரணத்தின் நடுவில் பக்கம் தீர்ந்து பாட்டு அறுந்துபோகும் இடத்தில் அவள் தானாகவே பாடுவதை நிறுத்தினாள், டெக் 'டக்' என்று பட்டனை விடுவித்தது. ஸ்ட்ரீமிங்கில் அதே பாட்டு வந்தால் மிச்சச் சரணத்தின் வரிகள் அவளுக்குத் தெரியாது.

எனக்கு இந்தப் பெட்டி தருகிற எதிர்பாராத சந்தோஷம் இது. அந்தக் காலத்து ரெக்கார்டிங் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோடு போட்ட தாளில் பாட்டுகளின் முதல் வரியை எழுதிக்கொண்டுபோய்க் கொடுப்போம், சில நாள் கழித்து வரச் சொல்வார்கள். பக்கத்துக்கு 30 நிமிடமா 45 நிமிடமா என்பதில்தான் பேரம், கணக்கு, சண்டை எல்லாம். கடைசியில் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் கடைக்காரர் தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் சேர்ப்பார். அப்பாவின் பட்டியலில் இல்லாத அந்தப் பாட்டுகள்தான் இன்று எனக்கு அதிகம் பிடிக்கின்றன. முகம் தெரியாத ஒருவரின் ரசனை. கேசட்டின் மேல்விளிம்பில் அழிபடாமல் இருக்க உடைத்துவிடும் சின்னக் காது இருக்குமே, சிலவற்றில் அதை உடைத்து, மனசு மாறி மேலே செல்லோ டேப் ஒட்டி, மறுபடி பதிந்திருக்கிறார் அப்பா. இலங்கை வானொலியிலிருந்து நேரடியாகப் பதிந்தவையும் உண்டு. பாட்டின் கடைசி வாத்திய ஒலிக்குள் அறிவிப்பாளர் குரல் நுழைந்ததும் அவசரமாகப் பட்டனை அமுக்கியிருக்கிறார். "நேயர்க" என்பதோடு வெட்டுப்படுகிறது. 'ளே' எங்கள் வீட்டில் யாருக்கும் கிடைக்கவில்லை.

ரெட்ரோ மோகத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனசு இதனால்தான். இன்று டெய்லர் ஸ்விஃப்ட்டின் புதிய ஆல்பம்கூடக் கேசட்டில் கிடைக்கிறது. சோனி 2010-இல் ஜப்பானில் கேசட் வாக்மேன் விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது; இப்போதோ வேறு கம்பெனிகள் புதிதாக வாக்மேன் செய்கின்றன. பார்க்க அழகாகவே இருக்கின்றன. ஆனால் டிஜிட்டலில் பதிந்து கலந்த பாட்டை நாடாவில் ஏற்றி, டால்பி இரைச்சல் குறைப்பு இல்லாத புது இயந்திரத்தில் ஓட்டி, அந்த உஸ்ஸ் சத்தத்துக்குக் காசு கொடுப்பது என்ன கணக்கு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இசைத்தட்டு வாங்குகிறவரைப் புரிகிறது. பெரிய அட்டை, படம், நன்றாகப் பராமரித்தால் நல்ல ஒலி. 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவுக்கு அந்தப் பெருமை எல்லாம் கிடையாது. அதன் மதிப்பு முழுக்க யார் பதிந்தார்கள் என்பதில் இருக்கிறது. வெற்று ஏக்கத்துக்கு என்றால் அலமாரியில் வைக்கப் படம் போதும்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ரேடியோ அருமை. ஸ்பீக்கரில் பாஸ் கொஞ்சம் தூக்கல், தவில் கேட்க ஏற்றது. கனம் அதிகம். நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டை மாதம் ஒருமுறையாவது துடைக்க வேண்டும், சோம்பல்பட்டால் ஒலி மங்கும். பூஞ்சை பிடித்த கேசட்டைப் போட்டால் அந்தப் பூஞ்சை ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்குப் போகும்.

மதிப்பெண் கேட்டால், இன்றைய மனநிலையில் ஐந்துக்கு இரண்டு. ஹெட் துடைத்து, அக்கா வந்து, கரண்ட்டும் நிலையாக இருந்த அன்று கேட்டிருந்தால் நான்கரை கொடுத்திருப்பேன். நண்பருக்கு நான் சொன்ன 'வேண்டாம்' அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அவர் வீட்டில் ஒரு கேசட்கூட இல்லை. அவர் எடுக்கவில்லையென்றால் உதிரிபாகத்துக்காக நான் எடுத்துக்கொள்ளப்போகிறேன்.

வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கேசட் வைத்திருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். நேரில் போங்கள். நன்றாகத் தெரிந்த பாட்டு உள்ள கம்பெனி கேசட்டை எடுத்துப்போய்ப் போனோடு சேர்த்து ஓடவிட்டுப் பாருங்கள். "பெல்ட் புதுசு" என்று விற்பவர் சொன்னால், பழையதைவிடத் தடிமனா என்று கேளுங்கள். திருதிருவென்று விழித்தால் இருநூறு ரூபாயாவது குறைத்துப் பேசலாம்.