பழைய செங்கல் சுவர்: ஏழாண்டுகளுக்குப் பிறகு

இடித்த கட்டடத்தின் செங்கற்களால் எழுப்பிய சுவரின் பூச்சை இந்த மாதம் மூன்றாம் முறையாகக் கொத்தி எடுக்க நேர்ந்தது. அதே வாரத்தில், வீடு கட்டத் தொடங்கும் நண்பர் ஒருவர் பழைய பொருட்களை வாங்கலாமா என்று கேட்டதால், ஏழாண்டு அனுபவத்தை எழுதி வைக்கிறேன். கோபம் இன்னும் தணியவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மரத்தைப் பற்றிக் குறையே இல்லை. பழைய தேக்கு நிலைகளும் கதவுகளும் எத்தனையோ மழைக்காலங்களைக் கண்டு அடங்கியவை என்பதால், இதுவரை ஒரு கதவும் உப்பிக்கொண்டு நிலையில் சிக்கவில்லை. மரத்துக்குள் புதைந்திருந்த ஆணி ஒன்று தச்சரின் இழைப்புளி அலகைப் பதம் பார்த்ததுதான் நட்டம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டினோம்.

செங்கல்தான் வினை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் என்பதால் கற்கள் தட்டியதும் முழுதாகப் பிரிந்து வந்தன. சிமென்ட் கலவையாக இருந்தால் கலவை விடாது, கல்தான் உடையும். நல்ல சரக்கு என்று மகிழ்ந்த நான், அவை கட்டடத்தின் எந்தப் பகுதியிலிருந்து வந்தவை என்று மட்டும் கேட்கவில்லை. தரையை ஒட்டிய வரிசைகளும் கழிப்பறைச் சுவர்களும் ஆண்டுக்கணக்கில் ஈரத்தோடு உப்பையும் உறிஞ்சியிருக்கும். காய்ந்த குவியலில் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. புதுச் சுவரில் ஏறி, கட்டுமான ஈரம் வெளியேறத் தொடங்கிய பிறகே உப்பு மேற்பரப்புக்கு வந்து படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது.

முதல் முறை தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கரைந்த உப்பில் பெரும்பகுதி மீண்டும் சுவருக்குள்ளேயே போனது. உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ளியிருக்க வேண்டும். அடுத்த முறை, நீர்புகாப் பூச்சு அடித்தால் தீர்ந்துவிடும் என்ற கொத்தனாரின் பேச்சைக் கேட்டேன்; வெளியேற வழியற்ற ஈரமும் உப்பும் சேர்ந்து அதைப் பாளம் பாளமாகப் பெயர்த்தன. இப்போது பூசியிருப்பது சுண்ணாம்பு. ஈரத்தை அது வெளியே விடும். உதிர்ந்தாலும் அந்த இடத்தை மட்டும் பூசிக்கொள்ளலாம்.

நியாயமாகப் பார்த்தால், புதுச் செங்கலைச் சுட ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; அந்த எரிபொருள் எனக்கு மிச்சம். மற்ற மூன்று சுவர்களும் பழைய கற்கள்தான், அவற்றில் ஒரு பொட்டு உப்பும் பூக்கவில்லை. ஆனாலும் நண்பரிடம், கதவை வாங்குங்கள், செங்கலைத் தொடாதீர்கள் என்றே சொன்னேன். அந்த மூன்று சுவர்களைப் பற்றி அவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் மனநிலையில் அன்று நான் இல்லை.