நிலவறைக்குள் துணை: ஆந்தையா, அறிவுள்ள ட்ரோனா?

நிலவறைக்குள் இறங்கும் மந்திரவாதிக்கு எதைத் துணையாகக் கொடுப்பது என்று கேட்டால், பலரும் உடனே ஆந்தை என்பார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 விதிகளைப் பார்த்தால் காரணம் புரியும். ஓத ஒரு மணி நேரம் ஆகும் மந்திரம், 10 பொற்காசுக்குப் பொருள், அவ்வளவுதான் செலவு. இருட்டில் 120 அடி வரை பார்க்கும். ஒரு சுற்றில் 60 அடி பறக்கும். 100 அடிக்குள் இருந்தால் அதன் கண் வழியே நீங்களே பார்க்கலாம். செத்தாலும் மறுபடி அழைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வசதிதான் எனக்கு உறுத்துகிறது. பொறி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஆந்தையை முன்னே அனுப்புவது பழக்கமாகிவிடுகிறது. நாலாவது ஆந்தை சாகும்போது மேசையில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

மாயக் கருவிகள் செய்யும் கைவினைஞரான ஆர்ட்டிஃபிசர் செய்துகொள்ளும் ஹோமன்குலஸ் என்ற செயற்கைச் சிற்றுயிர் நடுவில் நிற்கிறது. 100 பொற்காசு ரத்தினம்தான் அதற்கு இதயம். பறக்கும், ஆனால் 30 அடிதான். சண்டையில் நீங்கள் ஒரு சிறு கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் செலவழித்து உத்தரவு தராவிட்டால் தற்காத்துக்கொள்வதோடு சரி. நல்ல வேலைக்காரன், அதற்கு மேல் இல்லை.

அப்புறம் தானே யோசிக்கும் ட்ரோன். மாய உலகத்தில் இயந்திரம் ஒட்டுமா என்ற தயக்கம் வேண்டாம். 1980-இல் இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதி வெளியான ஒரு சாகசத்திலேயே மலைக்குள் விழுந்த விண்கலமும் ரோபோக்களும் இருக்கின்றன.

வேவு பார்ப்பதில் ட்ரோன் ஆந்தையிடம் தோற்கும். விசிறிச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும், தூசியைக் கிளப்பித் தன் கேமராவையே மறைத்துக்கொள்ளும். நிஜத்திலும் நிலத்தடியில் ரோபோக்களுக்குச் சுலபமில்லை. 2018 முதல் 2021 வரை அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய நிலத்தடிப் போட்டியில் குகைக்குள் ஜிபிஎஸ் கிடையாது, பாறை மூலை திரும்பினால் ரேடியோவும் போய்விடும். ரோபோக்கள் வழியில் சிக்னலைக் கடத்தும் ரேடியோ கணுக்களைப் போட்டுக்கொண்டே போயின. தொடர்பு அறுந்த பிறகு எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதை அவையே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ட்ரோனுக்கு மனம் இருப்பது அந்த மூலைக்கு அப்பால்தான் முக்கியமாகிறது. ஆந்தையின் கண்ணால் பார்ப்பது நீங்கள். ட்ரோன் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். பயந்து பாதியில் திரும்பியிருக்கலாம். கூண்டில் யாரையோ கண்டு, உங்களிடம் சொன்னால் கொன்றுவிடுவீர்களோ என்று மறைக்கலாம். "போக மாட்டேன்" என்றும் சொல்லலாம். அதை நம்புவதா என்ற கேள்வியே ஒரு முழு இரவு விளையாட்டைத் தாங்கும்.

ஆனால் ட்ரோனை இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்களே. பேட்டரி 20 நிமிடம் என்று வையுங்கள். இந்த விளையாட்டின் 1974-ஆம் ஆண்டு முதல் விதிகளில் ஒரு டர்ன் என்ற நேர அளவு 10 நிமிடம், ஆக இரண்டே டர்ன். மறுபடி சார்ஜ் ஏற மந்திரவாதி ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை, அதாவது ஒரு மந்திரம் போடும் வாய்ப்பை, இழக்கட்டும். உடைந்தால் பழுது பார்க்கலாம், ஆனால் நினைவகம் நொறுங்கினால் திரும்பி வராது.

ஒரே இரவில் முடியும் ஆட்டமென்றால் ஆந்தையே போதும். மாதக்கணக்கில் ஓடும் கதைக்கு நான் ட்ரோனைத்தான் எடுப்பேன். முதல் நாளே அதற்கு ஒரு பயத்தை எழுதிவையுங்கள்: தண்ணீர், இருட்டு, கைவிடப்படுவது, ஏதாவது ஒன்று.