மைக்ரோஸ்கோப் லைட் போயிருச்சா? ஹெலஜன், எல்இடி, கண்ணாடி, நம்ம மலைநாட்டுக்கு எது சரி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைன்னு நம்ம பக்கத்து ஸ்கூல் லேப்ல மைக்ரோஸ்கோப் ஒண்ணு துணி போட்டு மூடி மூலையில கெடக்குதுன்னா லென்ஸ் போயிருச்சுன்னு முடிவு கட்டிராதீங்க, அநேகமா அடியில உள்ள லைட்தான் எரியாது. அதுக்கு வழி மூணு இருக்கு, அதே ஹெலஜன் பல்ப்ப வாங்கிப் போடுறது, எல்இடிக்கு மாத்துறது, கரண்டே வேணாம்னு கண்ணாடி வச்சுப் பாக்குறது. நான் எல்இடி பக்கம்தான், ஆனா எல்லா மெஷினுக்கும் அது சரிவராது.

எதுக்கும் முன்னாடி ப்ளக்க கழட்டிட்டு பல்ப் சாக்கெட்ட பாருங்க. சாதாரணமா வர்ற 6 வோல்ட் 20 வாட் பல்ப் 3.3 ஆம்பியர் இழுக்கும், அவ்வளவு கரண்ட் போற எடத்துல பின் லேசா கறுத்து 0.1 ஓம் தடை கூடுனாலே அந்த மூட்டுலயே 1 வாட்டுக்கு மேல சூடாகுது, சூடாக ஆக இன்னும் லூசாகும், நம்ம ஊரு ஈரத்துல அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பல்ப் நல்லாவே இருக்கும், சாக்கெட்தான் செத்திருக்கும். அதே மாதிரி வெளிச்சத்த கூட்டிக் கொறைக்கிற நாப்ப திருப்புறப்ப லைட் வெட்டி வெட்டி எரிஞ்சா அது நாப்புக்கு அடியில உள்ள பொட்டென்ஷியோமீட்டர் தேஞ்சது, பல்ப் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல.

சரி, பல்ப்தான் போச்சுன்னு வைங்க. ஹெலஜனோட வெளிச்சம் உண்மையிலேயே அழகு, எல்லா நிறமும் இடைவெளி இல்லாம இருக்கும், சுமார் 3000 கெல்வின் மஞ்சள், மேல ஒரு நீல ஃபில்டர் வச்சா கண்ணுக்கு வெள்ளையா தெரியும். கண்ணாடிய விரலால தொடாம பேப்பரால புடிச்சு மாட்டணும், எண்ணெய்ப் பசை பட்ட எடம் சூட்டுல பழுதாயிரும். வோல்டேஜ் 5 சதவீதம் கூடுனாலே ஆயுசு கிட்டத்தட்ட பாதியாகும்னு சொல்லுவாங்க, அதனால நாப்ப கொறச்சு வச்சுட்டுத்தான் சுவிட்ச் போடணும். ஆனா சூடு இருக்கே, 20 வாட்ல பெரும்பகுதி சூடாத்தான் போகுது, கவர் ஸ்லிப்புக்கு அடியில விட்ட தண்ணி காஞ்சு போயிரும். கரண்ட் கட்டுன்னா பாடமும் கட்.

எல்இடின்னு சொன்னதும் நெறைய பேர் கடையில ரெடியா விக்கிற ரெண்டு பின் எல்இடிய அதே சாக்கெட்ல குத்திப் பாக்குறாங்க, தயவுசெஞ்சு வேணாம், அது பெரும்பாலும் அலுமாரி அலங்காரத்துக்கு வர்ற 12 வோல்ட் சாமான், 6 வோல்ட்ல எரியாது, இல்லாட்டி மங்கலா எரியும். சுத்திவர சின்னச் சின்ன சிப் இருக்குறதால ஐபீஸ்ல புள்ளி புள்ளியாவும் தெரியும். வேண்டியது ஒத்தச் சிப் 1 வாட் எல்இடி, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல தேடிப் பாருங்க. அத ஒரு அலுமினியத் துண்டுல ஒட்டி, பழைய பல்ப்போட இழை எந்த உயரத்துல இருந்துச்சோ அதே உயரத்துல சிப் நிக்கிற மாதிரி வைக்கணும், இதுதான் உயிர். உயரம் மாறிச்சுன்னா நடுவுல மட்டும் வெளிச்சம், ஓரமெல்லாம் இருட்டு. 5 வோல்ட் பவர் பேங்க்ல ஓட்ட 5.6 ஓம் 2 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா சுமார் 350 மில்லிஆம்பியர் வரும், தாராளம்.

வாங்குறப்ப சிஆர்ஐ, அதாவது நிறத்த எவ்வளவு சரியா காட்டுதுன்னு சொல்ற எண், 90க்கு மேலன்னு கேட்டு வாங்குங்க, மலிவான வெள்ளை எல்இடில 450 நானோமீட்டர் பக்கம் நீலம் தூக்கலா இருக்கும், அதுக்குப் பக்கத்துலயே ஒரு பள்ளம், ஸ்டெயின் பண்ண ஸ்லைட்ல நிறம் பிசகும். கொறைச்சு எரிக்கிறப்ப ஹெலஜன் மாதிரி மஞ்சளாகாதுங்குறது பெரிய லாபம். உதாரணத்துக்கு, தேயிலைக் கொப்புள நோய் 1946ல நம்ம நாட்டுக்கு வந்தது, இன்னும் மழைக் காலத்துல படுத்துது, இலைக்கு அடிப்பக்கம் வெள்ளையா பூத்திருக்குறத சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணியில வச்சு 40 எக்ஸ்ல பாருங்க, அந்தப் பூஞ்சையோட ஸ்போர் நிறமே இல்லாம இருக்கும், வெளிச்சத்த நல்லா கொறச்சு, ஸ்லைட் வைக்கிற மேடைக்கு அடியில ஒளியக் குவிக்கிற கண்டென்சரோட ஐரிஸயும் (ஒளி போற ஓட்டைய) மூடுனாத்தான் ஓரம் எழும்பி வரும். ஆனா டிம்மர் மலிவானதா இருந்தா, போன்ல படம் எடுக்குறப்ப பட்டை பட்டையா விழும்.

கண்ணாடியையும் லேசா நெனைக்காதீங்க. நம்ம மிஸ்ட் வானம் காலையில வெள்ளை வெளேர்னு ஒரே சீரா இருக்கும், 4 எக்ஸ், 10 எக்ஸ்க்கு அது போதும், 40 எக்ஸும் சமாளிக்கலாம். கண்டென்சர் இருந்தா தட்டைப் பக்கம், இல்லாட்டி குழிப் பக்கம். நேர் வெயில மட்டும் திருப்பவே கூடாது, கண்ணு போயிரும். மத்தியானம் மழை இருட்டிட்டு வந்தா ஒண்ணும் தெரியாது, 100 எக்ஸ் ஆயில் லென்ஸுக்கு எப்பவும் பத்தாது.

என் முடிவுக்கு முக்கிய காரணம் இதுதான், பவர் பேங்க்ல ஓடுற எல்இடி போட்டா 230 வோல்ட் மெஷினுக்குள்ளயே வராது. ஈரமான லேப், புள்ளைங்க கை, இடி மின்னல் எல்லாத்தையும் யோசிச்சா அதுக்கு வெலையே இல்ல. மெஷினுக்குள்ள உள்ள பழைய பவர் சர்க்கிட் போர்ட ரிப்பேர் பண்றேன்னு திறக்குறவங்க கவனம், உள்ள உள்ள கெப்பாசிட்டர்ல ப்ளக் கழட்டுன பெறகும் 325 வோல்ட் வரைக்கும் நிக்கலாம், தெரிஞ்ச பாஸ் கிட்ட குடுங்க. அடியில ஃபீல்ட் டயஃப்ரம் (வெளிச்ச வட்டத்த சுருக்கி விரிக்கிற வளையம்) உள்ள, கோலர் முறையில, அதாவது வெளிச்சம் ஒரே சீரா விழுற மாதிரி, ஒளி அமைக்கிற நல்ல மெஷின்னா மட்டும் அத அறுத்து எல்இடி வைக்காதீங்க, அதோட லென்ஸெல்லாம் அந்த இழையோட அளவுக்குன்னே கணக்குப் பண்ணது, அதுக்கு ஒரிஜினல் ஹெலஜனையே தேடி ரெண்டு மூணா வாங்கி வச்சுக்கங்க.