காதில் நீர்: டிம்பனோவா, ஆடியோ டெஸ்ட்டா?

ஐப்பசி மழையில் பிடித்த சளி விட்ட பிறகும் என் ஐந்து வயது மகள் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார் இ.என்.டி. டாக்டர். பெரும்பாலும் தானாகவே வற்றிவிடுமாம், மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். சரி, வற்றுகிறதா என்பதை எதை வைத்துப் பார்ப்பது?

டிம்பனோமெட்ரி சுலபம். காதில் ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். சில விநாடிதான். செவிப்பறை அசைந்தால் கோடு மலைபோல் எழும், நீர் இருந்தால் தட்டையாகக் கிடக்கும். குழந்தை அழாமல் இருந்தால் போதும். (குறும்பி அடைத்திருந்தாலும் தட்டைதான், முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.)

ஆடியோ டெஸ்ட்டுக்கு அரைமணி நேரமும் நிறையப் பொறுமையும் வேண்டும். ஹெட்போனில் 'பீப்' கேட்டதும் டப்பாவில் ஒரு மணியைப் போட வேண்டும். பாதியில் இவள் கேட்காமலே மணியைப் போட ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் கொடுத்து மறுபடி உட்கார வைத்தோம்.

இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். டிம்பனோ நீர் இருக்கிறது என்று சொல்லும், அதனால் எவ்வளவு கேட்கவில்லை என்று சொல்லாது. முதல் தடவை இரண்டு காதிலும் 35 டெசிபல் (அவளுக்குக் கேட்ட மிகச் சன்னமான ஒலியின் அளவு; எண் குறையக் குறைய நல்லது). காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு வைத்துப் பார்க்கும் எலும்பு வழிக் கேட்டல் சரியாக இருந்ததால் உள்காதில் கோளாறு இல்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. மூன்று மாதம் கழித்து டிம்பனோ கோடு இரண்டு காதிலும் அதே தட்டை. அதை மட்டும் பார்த்திருந்தால் குரோமெட் (செவிப்பறையில் வைக்கும் குட்டிக் குழாய்) வைத்துவிடலாம் என்று நானே கேட்டிருப்பேன். ஆனால் ஆடியோவில் வலது 20, இடது 25. இன்னும் பொறுக்கலாம் என்றார் டாக்டர்.

ஒன்று, எண்ணை எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் சத்தம் புகாத அறையில் எடுத்ததாக இருக்க வேண்டும். எங்கள் முதல் டெஸ்ட்டை ஓரிடத்தில் ஏசி உறுமும் அறையில் எடுத்தார்கள். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறிடத்தில் மறுபடி எடுத்ததுதான் அந்த 35.

இது ஒரே பிள்ளையின் கதை. இரண்டு வயதுக் குழந்தையிடம் இந்த மணி விளையாட்டு நடக்காது, அங்கே டிம்பனோவின் கைதான் ஓங்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு அதிலும் வழக்கமான 226 ஹெர்ட்ஸை விட்டு 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் பார்ப்பார்கள்.

அடுத்த டெஸ்ட் சித்திரையில். டிவி சத்தம் 30-லிருந்து 14-க்கு இறங்கியிருக்கிறது.