டர்ன்டேபிளை மாற்றியும் ஒலி சரியில்லையா? செட்டப், ப்ரீஆம்ப், கார்ட்ரிட்ஜ்: எதை முதலில் தொடுவது

ஆடியோ-டெக்னிகா எல்பி60எக்ஸ் மாதிரி ஆரம்பநிலை டர்ன்டேபிளில் கேட்டுக்கொண்டிருந்தவர், சேமித்த பணத்தில் ரேகா பிளானார் 3 வாங்குகிறார். இசைத்தட்டைப் போட்டால் பாஸைக் (கீழ்ஸ்தாயி ஒலியை) காணோம், ஒலி மெலிந்து கிடக்கிறது, 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் சீறுகிறது. பழையதே தேவலை என்று தோன்றிவிடும். இந்த நிலையில் அவர் முன்னால் மூன்று வழிகள் உண்டு: இருப்பதை ஒழுங்காக செட் செய்வது, ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய மின்சமிக்ஞையைப் பெருக்கும் கருவி) வாங்குவது, கார்ட்ரிட்ஜை (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சமிக்ஞையாக்கும் பாகத்தை) மாற்றுவது. பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை மூன்றாவதுதான். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

காரணம் எளிது. எல்பி60எக்ஸில் ஊசியின் அழுத்தம் தொழிற்சாலையிலேயே செட் ஆகி வருகிறது. ப்ரீஆம்பும் உள்ளேயே இருக்கிறது. பிளானார் 3-இல் ப்ரீஆம்ப் கிடையாது, அழுத்தத்தையும் நாம்தான் வைக்க வேண்டும். நல்ல டர்ன்டேபிள் சில வேலைகளை நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறது. அவற்றைச் செய்யாமல் அதன் ஒலியைத் தீர்மானிக்கக் கூடாது.

முதலில் செட்டப். இதற்குத் தேவை ஒரு டிஜிட்டல் ஊசி எடைமானி, கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கும் அளவுத்தாளான ஒரு புரோட்ராக்டர், பொறுமையாக ஒரு மாலை நேரம். ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்ற கார்ட்ரிட்ஜ் கேட்கும் அழுத்தம் 1.8 கிராம். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம். குறைவாக வைத்தால் தட்டு தேயாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் துள்ளி, சுவரைக் கொத்துகிறது. சீறலும் வரும், தட்டும் கெடும்.

அடுத்து கார்ட்ரிட்ஜின் கோணம். 33⅓ வேகத்தில் 12 அங்குலத் தட்டின் வெளிவிளிம்பில் பள்ளம் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. ஓடுகிறது. உள்விளிம்புக்கு வரும்போது அது சுமார் 21 செ.மீ. ஆகிவிடும். அதே இசை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்து இருப்பதால், சின்னக் கோணப் பிழைகூட அங்கே பெரிதாகக் கேட்கும். பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறது என்றால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். பேர்வால்ட் முறைப் புரோட்ராக்டரில் 66 மி.மீ., 120.9 மி.மீ. என்று இரண்டு புள்ளிகள் இருக்கும். இரண்டிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். நீங்களே அச்செடுத்தால் அளவு சுருங்காமல் வந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பாஸ் காணாமல் போய், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறினால், கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கும் நான்கு மெல்லிய கம்பிகளைப் பாருங்கள். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். ஒரு பக்கத்தில் மட்டும் பிளஸும் மைனஸும் இடம் மாறியிருந்தால் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றின் பாஸை ஒன்று அழித்துக்கொள்ளும். ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயரை) அணைத்துவிட்டு, இடுக்கியால் உலோக முனையைப் பிடித்து மாற்றுங்கள். கம்பியைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும்.

இரண்டாவது வழியான ப்ரீஆம்ப், டர்ன்டேபிளிலும் ஆம்ப்பிலும் அது இல்லாத சூழ்நிலையில் தவிர்க்கவே முடியாதது. 2எம் ரெட் தருவது 5.5 மில்லிவோல்ட். சிடி ப்ளேயர் 2 வோல்ட் தரும். தவிர, 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய 20 டெசிபல் கூட்டியும், 20 ஹெர்ட்ஸ் பக்கம் அதே அளவு குறைத்தும்தான் தட்டில் பதிகிறார்கள். அதைத் திருப்பிச் சமன் செய்வதும் ப்ரீஆம்ப் வேலைதான். பழைய பழக்கத்தில் புதியதையும் நேராக ஆம்ப்பின் ஆக்ஸ் என்னும் சாதாரண உள்ளீட்டில் சொருகினால் சன்னமான, பாஸ் இல்லாத ஒலிதான் வரும். அதற்கு எந்த கார்ட்ரிட்ஜும் மருந்தாகாது. தலைகீழாகவும் நடக்கும்: ப்ரீஆம்ப் உள்ளே இருக்கும் டர்ன்டேபிளை, ஆம்ப்பில் ப்ரீஆம்ப் சேர்ந்த ஃபோனோ உள்ளீட்டில் கொடுத்தால் இரட்டைப் பெருக்கமாகி ஒலி உடைந்து கரடுமுரடாகும்.

ஏற்கெனவே ஒரு ப்ரீஆம்ப் ஒழுங்காக வேலை செய்கிறதென்றால், அதைவிட விலை கூடியதற்கு மாறுவதில் கிடைக்கும் லாபம் செட்டப்பைச் சரிசெய்வதில் கிடைப்பதைவிடக் குறைவு என்பது என் கணிப்பு. ஒன்று மட்டும் கவனியுங்கள். விஎம்95 வகைக்கு 100 முதல் 200 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) பொருத்தம். நீளமான கேபிளும் ப்ரீஆம்பும் சேர்ந்து அதைத் தாண்டினால் மேல்ஸ்தாயி கூர்மையாகிக் காதைக் குத்தும். குட்டையான கேபிள் மாற்றினாலே அது அடங்கலாம்.

அப்புறம் கார்ட்ரிட்ஜ். இதிலும் முழுதாக மாற்றுவதைவிட ஊசியை மட்டும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். 2எம் ரெட்டின் உடலில் அதே வரிசையில் அடுத்த மேல்படியான ப்ளூவின் ஊசி உட்காரும், அந்த வித்தியாசம் தெளிவாகவே கேட்கும். காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் அசையும் மூவிங் காயில் வகை கார்ட்ரிட்ஜ் பக்கம் போகிறவர்கள் ப்ரீஆம்புக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட்தான், ஏறக்குறைய 60 டெசிபல் பெருக்கம் கேட்கும். 2எம் ரெட் போல காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகைக்கான சாதாரண ப்ரீஆம்ப் தருவது சுமார் 40.

கார்ட்ரிட்ஜ் வழியே முதலிடத்துக்கு வரும் சந்தர்ப்பமும் உண்டு. கொல்கத்தா பக்கம் டம்டமில் அச்சான பழைய எச்.எம்.வி. மோனோ தட்டுகள் நம் வீடுகளில் நிறைய. அவற்றில் பல, அந்தக் கால ப்ளேயர்களின் கனமான ஊசிகளில் ஓடித் தேய்ந்தவை. எல்பி60எக்ஸின் உருண்டை முனை ஊசி அந்தத் தேய்மானத்தை ஓரளவு மறைத்து வாசித்திருக்கும். புதியதன் நீள்வட்ட முனை பள்ளத்தின் வேறு இடத்தைத் தொட்டு, ஒவ்வொரு கீறலையும் வெளியே கொண்டுவரும். அங்கே செட்டப் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஓரளவுக்கு மேல் பயனில்லை. சேகரிப்பில் பாதி இப்படிப்பட்ட தட்டுகள் என்றால் விஎம்95 உடலை வாங்கி, அவற்றுக்கு உருண்டை முனையுள்ள 'சி' ஊசியும் நல்ல தட்டுகளுக்கு நீள்வட்ட முனையுள்ள 'இ' அல்லது இன்னும் நுண்ணிய முனையுள்ள 'எம்எல்' ஊசியும் வைத்துக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜின் திருகைத் தொடாமலே ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், ஒருமுறை வைத்த கோணமும் கெடாது.