சூளைக்கு எலிமென்ட் வாங்குபவர்களே, ஓம்ஸை (மின்தடை அளவை) மட்டும் பார்த்துப் பணம் போடாதீர்கள்

இன்று காலை மட்பாண்டம் சுடும் மின்சூளையைத் திறந்தால் 3 எலிமென்ட்டில் (சூடேற்றும் கம்பிச் சுருள்) 2 அறுந்து தொங்குகிறது. 13,500 ரூபாய்! மாட்டி 2 மாதம்கூட ஆகவில்லை, இது 7வது சூடு. கிளேஸ் (கப்பின் மேல் பூசும் பளபளப்புப் பூச்சு) சரியாக உருகாமல் 40 கப் வீண். எலிமென்ட்டை எப்படிச் சோதித்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

ஆன்லைனில் ஆர்டர் எடுத்து எலிமென்ட் கம்பியைச் சுருளாகச் சுற்றித் தரும் ஒரு கடை. போனில் பேசியவர் என்ன மண், எத்தனை டிகிரி, செங்கல்லில் பள்ளம் எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அதிலேயே பாதி நம்பிவிட்டேன். 1,240 டிகிரி போகணும், கான்தல் ஏ1 (அதிகச் சூடு தாங்கும் உலோகக் கலவை), 1.6 மி.மீ. கம்பி, 230 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 2 கிலோவாட் என்றேன். மல்டிமீட்டரை வைத்து வீடியோ அனுப்பினார். 26.5 ஓம்ஸ். "அக்கா, அச்சு அசலா நீங்க சொன்ன கணக்கு." உடனே 13,500 ரூபாயையும் மொத்தமாகப் போட்டுவிட்டேன்.

இன்று மூன்றாவது எலிமென்ட்டைக் கழற்றினேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. துண்டுகளை எல்லாம் கூட்டி சமையலறைத் தராசில் வைத்தால் 165 கிராம். வெர்னியரில் அளந்தால் கம்பியின் தடிமன் 1.2 மி.மீ.தான். 1.6 கம்பியில் 26.5 ஓம்ஸ் வர 37 மீட்டர் வேண்டும், எடை அரைக் கிலோவைத் தாண்டும். 1.2 கம்பியில் 21 மீட்டரிலேயே அதே ஓம்ஸ் வந்துவிடும். அதனால்தான் வீடியோவில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அதே 2 கிலோவாட் பாதிக்கும் குறைவான மேற்பரப்பு வழியாக வெளியேறணும். சதுர சென்டிமீட்டருக்கு 1.1 வாட் இருக்க வேண்டியது 2.6 ஆகிவிட்டது. எந்தக் கம்பி தாங்கும்?

போன் செய்தேன். "வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும்" என்றார். அப்புறம் "மண்ணுல ஈரம் இருந்திருக்கும்". தராசுப் படத்தை அனுப்பியதும் "ஓம்ஸ் சரியாத்தானே இருந்துச்சு, எடைக்கா வித்தோம்?" என்றார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

சரி, சொன்னபடி: பார்சல் வந்ததும் கம்பியின் தடிமனை அளந்து பாருங்கள், எடை போடுங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள், கான்தலில் ஒட்டும், நிக்ரோம் என்ற வேறு கலவையில் ஒட்டாது. மாட்டியதும் முதல் சூடு வெறும் சூளையில் 1,050 டிகிரி வரை. தடிமனையும் நீளத்தையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே தராதீர்கள். என் 13,500 போய்விட்டது, பள்ளத்தில் உருகி ஒட்டிய கம்பியை இனிமேல்தான் சுரண்டணும்.